கதவைத் திறப்பது யார் கை?

(வீடியோ கேமிலிருந்து படமாக வந்த பேய்க் கதைகளைப் பற்றி வாசகர்கள் கேட்டவை மட்டும் இந்த முறை.)

கேள்வி: 'ரெசிடென்ட் ஈவில்' கேமை நள்ளிரவில் ஆடிவிட்டு விளக்கை அணைக்கப் பயந்து படுத்திருக்கிறேன். அதே பெயரில் வந்த படத்தைப் பார்த்தபோது பாதியில் தூங்கிவிட்டேன். கோளாறு என்னிடமா, படத்திடமா?

உங்கள் கட்டைவிரலிடம்.

1996-ல் காப்காம் நிறுவனம் வெளியிட்ட முதல் கேமை நினைத்துப் பாருங்கள். ஷின்ஜி மிகாமி இயக்கியது. ஒரு மாளிகை. நகராத கேமராக்கள். நீங்கள் நடந்து போகும் தாழ்வாரத்தின் மறுமுனை உங்களுக்குத் தெரியாது, காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். துப்பாக்கியில் இரண்டு குண்டு மிச்சம். கேமைச் சேமித்து வைக்கக்கூட தட்டச்சு இயந்திரத்துக்கு மை ரிப்பன் தேட வேண்டும், அதுவும் எண்ணித்தான் கிடைக்கும். இந்த நிலையில் ஒரு கதவு வருகிறது. திறக்கலாமா வேண்டாமா என்று நானும் அதன் முன்னால் நின்றிருக்கிறேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. பட்டனை அழுத்த வேண்டியவன் நான் என்பதுதான் வயிற்றைக் கலக்கியது.

2002-ல் பால் டபிள்யூ. எஸ். ஆண்டர்சன் எடுத்த படத்தில் அந்தக் கதவை மில்லா ஜோவோவிச் திறந்துவிடுகிறார். நம்மைக் கேட்பதில்லை. அவருடைய ஆலிஸ் பாத்திரம் கேமில் இல்லாதது. குண்டுக்கும் பஞ்சமில்லை. சண்டைப் படமாக ரசிக்கலாம், நான் ரசித்தேன். அந்த லேசர் தாழ்வாரக் காட்சி இன்றும் பிரமாதம். அது பிடித்துப்போய்த்தானோ என்னவோ, 2005-ல் வந்த நான்காவது கேமில் லேசர் தாழ்வாரம் ஒன்றை வைத்தார்கள். ஆனால் பயம் வேறு சரக்கு.

இரண்டாவது கேமுக்காக ஜப்பானில் ஓடிய விளம்பரத்தை எடுத்தவர் ஜார்ஜ் ரொமேரோ. ஜாம்பிப் படங்களுக்கெல்லாம் பாட்டனார். அவரே இந்தப் படத்துக்கும் ஒரு திரைக்கதை எழுதிக் கொடுத்தார். தயாரிப்புத் தரப்பு ஏற்கவில்லை. அது படமாகியிருந்தால் நீங்கள் தூங்கியிருப்பீர்களா என்று எனக்குள் ஒரு ஆற்றாமை உண்டு.

கேள்வி: இந்த வகையில் உருப்படியான முதல் படம் 'சைலன்ட் ஹில்'தான் என்று நண்பன் சாதிக்கிறான். ஒப்புக்கொள்ளலாமா?

முக்கால்வாசி ஒப்புக்கொள்ளலாம்.

சைலன்ட் ஹில் என்பது கதை நடக்கும் ஊரின் பெயர். அந்த ஊரின் மூடுபனியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். கேம் 1999-ல் வந்தது, கொனாமி தயாரிப்பு. அது ஓடிய கருவியான முதல் பிளேஸ்டேஷனின் பிரதான நினைவகம் 2 மெகாபைட். ஒரு முழு ஊரைத் தொலைதூரம் வரை வரைந்து காட்ட அதனால் ஆகாது. எனவே கொஞ்ச தூரத்துக்கு அப்பால் இருப்பதையெல்லாம் பனியால் மூடினார்கள். இயந்திரத்தின் இயலாமையை மறைக்கப் போட்ட திரைதான் அந்தக் கேமின் முகமாகவே ஆனது. போதாததற்குப் பாக்கெட்டில் ஒரு ரேடியோ. பூதம் நெருங்கினால் அது இரையும். எந்தப் பக்கத்திலிருந்து என்று சொல்லாது. ஹெட்ஃபோன் போட்டு ஆடியவர்களுக்கு அகிரா யமவோகாவின் ஒலிக்கோர்வை என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

2006-ல் படமெடுத்த கிறிஸ்டோஃப் கான்ஸ் இதன் பரம ரசிகர். உரிமைக்காகப் பல வருடம் அலைந்து, கடைசியில் தன்னையே வீடியோ எடுத்து, இந்தக் கேம் தனக்கு எவ்வளவு முக்கியம் என்று பேசி கொனாமிக்கு அனுப்பித்தான் வாங்கினார். யமவோகாவின் இசையையே படத்திலும் வைத்தார். பனியோடு சாம்பலையும் சேர்த்தார். ஊருக்கு அடியில் நிலக்கரி எரிந்துகொண்டே இருக்கிறது என்பது படத்தின் காரணம். அதற்கு முன்மாதிரி பென்சில்வேனியாவின் சென்ட்ராலியா. 1962-ல் சுரங்கத்தில் பற்றிய தீ இன்னும் அணையாமல், ஊரே கிட்டத்தட்டக் காலியாகிப்போன இடம். சைரன் ஒலித்துச் சுவர்கள் உரிந்து இருள் கவியும் காட்சியைப் பெரிய திரையில் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள்.

அப்படியானால் மீதிக் கால்வாசி எங்கே போயிற்று? கணவரிடம். கேமில் மகளைத் தேடுபவர் ஹாரி மேசன் என்ற தந்தை. கான்ஸும் திரைக்கதை எழுதிய ராஜர் அவரியும் அதைத் தாயாக மாற்றினார்கள். ரடா மிட்சல் நடித்தார். நல்ல மாற்றம், எனக்குப் புகாரில்லை. ஆனால் முதலில் எழுதியதில் ஆண்களே அநேகமாக இல்லை என்று ஸ்டூடியோ தரப்பு முகம் சுளித்ததால், ஷான் பீனைக் கணவராக உள்ளே கொண்டுவந்து, அவர் கோப்புகளைப் புரட்டும் காட்சிகளைச் சேர்த்தார்கள். நாம் தாயோடு பனிக்குள் தொலைந்திருக்கும்போது, பனிக்கு வெளியே ஓர் உலகம் பத்திரமாக இருக்கிறது என்று படமே நினைவூட்டிக்கொண்டிருந்தால் பயம் எங்கே நிற்கும்?

இன்னொன்று, தலையில் பிரமிட் போன்ற கவசத்தோடு வரும் பூதமான பிரமிட் தலையன். அவன் இரண்டாவது கேமைச் சேர்ந்தவன். ஜேம்ஸ் என்ற ஒரு மனிதனின் குற்றவுணர்வைத் தண்டிக்க வந்தவன். ஜேம்ஸே இல்லாத படத்தில் அவனுக்கு என்ன வேலை? பார்க்கக் கம்பீரமாக இருக்கிறான், அவ்வளவுதான்.

கேள்வி: படம் பார்ப்பதற்கு முன் கேமை ஆடியிருக்க வேண்டுமா?

ஆடியவருக்கு மட்டும் புரிந்தால் அது படமல்ல, நினைவுப் பரிசு.

கேள்வி: என் பதினொரு வயது மகன் 'ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெடீஸ்' படம் பார்த்தே தீருவேன் என்கிறான். பொம்மைப் படம்தான் என்கிறான். நம்பலாமா சார்?

பொம்மைதான். கொலைகாரப் பொம்மை.

2014-ல் ஸ்காட் காவ்தன் உருவாக்கிய கேம் அது. இரவுக் காவலாளி நீங்கள். நாற்காலியை விட்டு எழ முடியாது. பன்னிரண்டு மணியிலிருந்து காலை ஆறு வரை கண்காணிப்பு கேமராக்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கதவைச் சாத்தினால் மின்சாரம் செலவாகும், தீர்ந்தால் போச்சு. இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு பதற்றத்தை அடைத்து வைத்தவரை எழுந்து நின்று வணங்கலாம்.

2023-ல் எம்மா டாமி இயக்கிய படம் அந்த நாற்காலியிலிருந்து கதாநாயகனை எழுப்பிவிட்டது. தம்பி கடத்தப்பட்ட கனவு, தங்கையின் பராமரிப்பு வழக்கு என்று அலையவிட்டது. மின்சாரக் கணக்கு காணாமல்போனது. ஜிம் ஹென்சன் பட்டறை செய்த பொம்மைகள் மட்டும் அற்புதம். கணினியில் வரையாமல் நிஜமாகவே செய்து நடக்கவிட்டார்கள். சுமார் 2 கோடி டாலரில் எடுத்து 29 கோடி டாலருக்கு மேல் வசூலித்தார்கள் என்பதால் என் முனகல் யார் காதிலும் விழாது.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் அதற்கு பிஜி-13 சான்றிதழ், அதாவது பதின்மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சில காட்சிகள் பொருந்தாமல் போகலாம் என்று பெற்றோருக்கு எச்சரிக்கை. ரத்தத்தைவிட, காணாமல்போன குழந்தைகள் என்ற விஷயம்தான் கனமானது. பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலும் நீங்கள்தான் பயப்படுவீர்கள்.

கேள்வி: உவே போல் எடுத்த படங்களைப் பற்றி இரண்டு வரி?

'ஹவுஸ் ஆஃப் தி டெட்' படத்தின் நடுநடுவே கேமின் காட்சித் துண்டுகளையே வெட்டி ஒட்டியிருப்பார். என் கணக்கில் அந்தத் துண்டுகள்தான் படத்திலேயே நன்றாக இருந்தன.

கேள்வி: 'அன்டில் டான்' படத்தில் கேமின் கதையே இல்லையே, இது மோசடியில்லையா?

கதையை மாற்றியதற்கு நான் கோபப்பட மாட்டேன். மாற்றிய திசைதான் இடிக்கிறது. 2015-ல் வந்த அந்தக் கேமின் உயிர்நாடியே திரும்பிப்போக முடியாது என்பதுதான். நீங்கள் எடுத்த முடிவை அது உடனே சேமித்துவிடும். ஒருவர் செத்தால் செத்ததுதான், விடியும்வரை அவர் இல்லாமலே கதை ஓடும். டேவிட் எஃப். சாண்ட்பெர்க் 2025-ல் எடுத்த படத்திலோ எல்லோரும் சாகிறார்கள், இரவு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. கேமில் இல்லாத மறுவாய்ப்பைப் படம் வாரி வழங்குகிறது! செத்துப் பிழைப்பதுதான் கேம் என்று யாரோ பொதுவாக நினைத்துக்கொண்டு எழுதியதுபோல இருக்கிறது. தனிப் படமாக வந்திருந்தால் சிரித்துக்கொண்டே பார்த்திருப்பேன்.

கேள்வி: நடைபாதையில் ஒருவன் நடந்துகொண்டே இருக்கும் 'எக்ஸிட் 8' கேமைக்கூடப் படமாக்கிவிட்டார்களாமே. அதில் என்ன கதை இருக்கிறது?

கதையே இல்லை. அதனால்தான் தப்பித்தது.

2023-ல் கொடாகே கிரியேட் என்ற பெயரில் ஒருவர் வெளியிட்ட சின்ன ஜப்பானிய கேம். வெள்ளை ஓடு பதித்த சுரங்கப்பாதை. சுவரில் போஸ்டர்கள், எதிரே பெட்டியோடு வரும் ஒரு மனிதர். பாதையில் ஏதாவது வழக்கத்துக்கு மாறாக இருந்தால் திரும்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் முன்னே போக வேண்டும். சரியாகச் செய்தால் எண் ஏறும், தவறினால் பூஜ்யம். எட்டாவது வாசலைப் பிடித்தால் விடுதலை. அவ்வளவுதான் கேம்.

கென்கி கவமுரா 2025-ல் இதைப் படமாக்கினார். பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் நள்ளிரவுக் காட்சியாகத் திரையிட்டார்கள். கசுனாரி நினோமியா நடிக்கும் அந்த மனிதன் ரயிலில், அழும் குழந்தையை வைத்திருக்கும் தாயை ஒருவன் திட்டுவதைப் பார்க்கிறான். பார்த்தும் பாராமல் இறங்கிவிடுகிறான். அடுத்த நிமிடம் பிரிந்துபோன காதலியிடமிருந்து போன், கர்ப்பமாக இருக்கிறாளாம். அதன் பிறகுதான் பாதை சுழல ஆரம்பிக்கிறது. கவனிக்க மறுத்தவனைக் கவனித்தால்தான் வெளியே போகலாம் என்ற இடத்தில் மாட்டிவிடுகிறார்கள். கேமின் விதியிலிருந்தே ஒரு மனிதனை வடித்திருக்கிறார்கள், பாருங்கள்.

இதைவிடக் கெட்டிக்காரத்தனம் வேறொன்று. அவன் போஸ்டரைப் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்துவிடுகிறேன். கதவின் கைப்பிடி இடம் மாறியிருக்கிறதா, அந்த மனிதர் சிரிக்கிறாரா என்று திரையின் மூலைமுடுக்கெல்லாம் தேடுகிறேன். கையில் கன்ட்ரோலர் இல்லை. ஆனால் கண் சும்மா இருக்கவில்லை. கையிலிருந்து பிடுங்கியதைக் கண்ணுக்குக் கொடுத்தார்கள். மற்றவர்கள் பூதத்தை மட்டும் பெயர்த்து எடுத்துவந்தபோது இவர்கள் வேலையை எடுத்துவந்தார்கள்.

கேள்வி: கேமிலிருந்து படம் வருவது இருக்கட்டும், பேய்ப் படத்திலிருந்து நல்ல கேம் வந்ததுண்டா?

உண்டு, அதுவும் குடும்பத்துக்கே மூத்தது. கியோஷி குரோசவாவின் 'ஸ்வீட் ஹோம்' படம் 1989-ல் வந்தது. அதே வருடம் காப்காம் அதே பெயரில் கேம் போட்டது. பாழடைந்த மாளிகை, ஐந்து பேர், செத்தவர் திரும்பி வரமாட்டார், கதவு மெல்லத் திறக்கும் காட்சி. அதை இயக்கிய டொகுரோ புஜிவாரா, பின்னாளில் அந்த முறையை வைத்தே புதிதாக ஒன்று செய்யச் சொல்லி மிகாமியிடம் ஒப்படைத்ததுதான் 'ரெசிடென்ட் ஈவில்'. ஆக அதன் தாத்தா ஒரு சினிமா. பேரன் மறுபடி சினிமாவுக்கு வந்தபோதுதான் வழி தவறினான்.

கேள்வி: என் கணவருக்குப் பேய்ப் படம் என்றாலே ஆகாது. வரலாறு, அரசியல் என்றால் உட்காருவார். இந்த வகையில் அவரோடு பார்க்க ஒரே ஒரு படம் சொல்லுங்கள்.

'டிடென்ஷன்'. தைவான் படம், 2019, ஜான் ஹ்சு இயக்கியது. மூலம் ரெட் கேண்டில் நிறுவனத்தின் 2017 கேம். 1962-ல் ஒரு பள்ளிக்கூடம். வெளியே ராணுவச் சட்டம், தைவானில் அது 1949 முதல் 1987 வரை நீடித்தது. தடை செய்த புத்தகங்களைச் சில ஆசிரியர்களும் மாணவர்களும் ரகசியமாகக் கூடிப் படிக்கிறார்கள். ஒரு மாணவி கண்விழிக்கும்போது பள்ளி காலியாகக் கிடக்கிறது. உலாவும் பூதம் ராணுவச் சீருடை அணிந்திருக்கிறது. தைவானில் சீன மொழிப் படங்களுக்குத் தரும் தங்கக் குதிரை விருதுகளில் தழுவல் திரைக்கதைக்கான விருதையும் வாங்கிய படம்.

மூன்று அத்தியாயங்களாகப் பிரித்திருக்கிறார்கள். முதலாவது 'கொடுங்கனவு', அதில்தான் பேய் அதிகம். அதை மட்டும் அவர் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளட்டும். இரண்டாவதில் யார் யாரைக் காட்டிக்கொடுத்தார்கள் என்ற விசாரணை தொடங்கிவிடும். அதற்குப் பிறகு ரிமோட்டை நீங்கள் கேட்டாலும் தரமாட்டார்.