பெரிய மோட்டார் போட்டால் கீழ்த்தளத் தண்ணீர் தீருமா?

கேள்வி: சேலம் கன்னங்குறிச்சியில் வீடு. ஐப்பசி மழை பிடித்தால் கீழ்த்தள வண்டி நிறுத்தத்தில் தண்ணீர் ஊறுகிறது. மூலையில் 2 அடிக்கு 2 அடி, 3 அடி ஆழக் குழி. அதில் ஃப்ளோட் சுவிட்சுடன் (தண்ணீர் ஏறினால் மோட்டாரை ஓட்டி, இறங்கினால் நிறுத்தும் மிதவை) அரை எச்.பி. ஓப்பன்வெல் மோட்டார். நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி ஓடி நின்றது. கடைசியில் காயில் கருகிவிட்டது. கடையில் 1 எச்.பி. எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். மோட்டார் ஓடி நின்றது என்றாலே, ஊறுவதைவிட வேகமாக இறைத்திருக்கிறது. சக்தி போதாமல் அது கருகவில்லை. அடிக்கடி ஸ்டார்ட் ஆனதால் கருகியிருக்கவே வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் ஓட்டத்தில் இழுப்பதைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுத்துக் காயில் சூடாகும். 1 எச்.பி. போட்டால் அதே குழி இன்னும் சீக்கிரம் காலியாகும், அவ்வளவுதான்.

நல்ல மழையில் மோட்டாரை அணைத்து 10 நிமிடம் அளந்து பாருங்கள். உங்கள் குழியில் 1 அங்குலம் ஏறினால் சுமார் 9.4 லிட்டர். 6 அங்குலம் ஏறினாலும் நிமிடத்துக்கு 6 லிட்டர்கூட வராது. ஃப்ளோட் ஒயரை நீட்டிக் கட்டி, ஓடும் மட்டத்துக்கும் நிற்கும் மட்டத்துக்கும் ஓர் அடி இடைவெளி கொடுத்தால் 113 லிட்டர் சேரும். அது நிரம்ப 18 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஃப்ளோட் சுவரிலோ குழாயிலோ உரசக் கூடாது.

ஓப்பன்வெல் மோட்டார் கிணற்றுத் தண்ணீருக்கானது. சேறு வந்தால் அதன் வலை அடைக்கும். மட்டம் இறங்கி உடல் வெளியே தெரிந்தால் சூடேறும். சேறு கலந்த தண்ணீரை இறைக்கும் அரை எச்.பி. டிரைனேஜ் பம்ப் கேளுங்கள். அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் அதிகபட்ச ஹெட்டை (தண்ணீரை ஏற்றும் உயரம்) பார்த்து ஏமாற வேண்டாம். அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வெளியே வராது. 5 மீட்டர் உயரத்தில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று பட்டியலில் பாருங்கள்.

பம்புக்கு மேலே, ஏறிய தண்ணீரைத் திரும்ப விடாத என்.ஆர்.வி. வால்வு அவசியம். இல்லையென்றால் ஒன்றரை அங்குலக் குழாயில் 12 அடிக்கு நிற்கும் 4 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீர் ஒவ்வொரு முறையும் குழிக்கே திரும்பும். வால்வுக்குக் கீழே, குழிக்குள் பார்த்தபடி 4 மி.மீ. துளை போடச் சொல்லுங்கள். பல பிளம்பர்கள் இதை விட்டுவிடுவார்கள். துளை இல்லாமல் உள்ளே காற்று அடைத்துக்கொண்டால் மோட்டார் உறுமும், தண்ணீர் ஏறாது. மோட்டார் லைனுக்கு, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். தண்ணீர் தேங்கியிருந்தால் மெயினை அணைக்காமல் உள்ளே காலை வைக்காதீர்கள்.

கேள்வி: உள்சுவரில் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தால் நிற்குமா?

பதில்: நிற்காது. வெளியிலிருந்து தள்ளும் தண்ணீர் பெயின்டை உப்ப வைத்து உரித்துவிடும். முதலில் குடிநீர்ச் சம்ப்பைச் சோதியுங்கள்: இரவில் வரத்தையும் மோட்டாரையும் நிறுத்தி மட்டத்தைக் குறித்து வையுங்கள்; காலையில் இறங்கியிருந்தால் கசிவு அங்கேதான். மாடித் தண்ணீர் இறங்கும் குழாயைச் சுவரிலிருந்து 10 அடி தள்ளி விடுங்கள். ஏற்காட்டு மழை இறங்கி உங்கள் பகுதி மூக்கனேரி ஏரி நிறையும்போது, வீட்டுக் கிணற்று மட்டம் கீழ்த்தளத் தரைக்குச் சமமாக ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் நிலத்தடி நீரே உள்ளே வருகிறது. பம்ப் நிரந்தரத் தேவை. இறைத்ததை மழைநீர் வடிகாலில் விடுங்கள், பாதாளச் சாக்கடையில் விடாதீர்கள்.