நீட் கைவிட்ட மகளும் குடல் வாசலில் நிற்கும் புரதமும்

அம்மா, “மருத்துவ இடம் போய்விட்டது. இவளோ பெப்டைடு எப்படிச் செல்லுக்குள் நுழைகிறது என்று படித்துக்கொண்டிருக்கிறாள், இது சோறு போடுமா?” என்று எழுதியிருக்கிறீர்கள். போடும். சற்றுத் தாமதமாகப் போடும்.

உங்கள் மகளைப் பிடித்துக்கொண்ட கேள்வி சாதாரணமானதல்ல. நாம் உண்ணும் பருப்பும் முட்டையும் குடலில் முழுவதும் தனித்தனி அமினோ அமிலங்களாக, அதாவது புரதத்தைக் கட்டும் மணிகளாக, உடைவதில்லை. இரண்டு, மூன்று அமிலங்கள் கோத்த துணுக்குகளாகவே பெரும்பங்கு உள்ளே போகிறது. இப்படிக் கோத்த துணுக்குதான் பெப்டைடு. அவற்றை ஏற்றிச் செல்வது குடல் செல்லின் சவ்வில் இருக்கும் பெப்ட்1 என்ற புரதம். இருபது வகை அமிலங்களை இரண்டிரண்டாகக் கோத்தால் 400 விதம், மூன்று மூன்றாகக் கோத்தால் 8,000 விதம். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அது ஒன்றே வாசல்! துணுக்கின் ஒரு முனையில் அமினோ தொகுதி, மறுமுனையில் கார்பாக்சில் தொகுதி. இவற்றின் மின்சுமையையும் இடைவெளியையும்தான் அது முக்கியமாகப் பார்க்கிறது. அமிலத்துக்கு அமிலம் வேறுபடும் பக்கச் சங்கிலிகளுக்குத் தாராளமாக இடம் விடுகிறது. நான்கு அமிலம் கோத்து வந்தால் ஏற்பதில்லை. பிடித்ததும் குடல் பக்கம் மூடி, செல் பக்கம் திறக்கிறது. உள்ளே பாயும் புரோட்டான்களே அதற்கு விசை.

வேலை எங்கே என்கிறீர்களா? அக்கிக்குக் கொடுக்கும் அசைக்ளோவிர் மாத்திரையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கே உடலில் சேரும். அதனுடன் வாலின் என்ற அமினோ அமிலத்தை ஒட்டினார்கள். பெப்ட்1 அதையும் ஏற்றிக்கொண்டது. பாதிக்கு மேல் சேர்ந்தது. மருந்து நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்களுக்கு இப்படி யோசிப்பவர்கள் வேண்டும்.

ஆகவே, உயிரியல் மட்டும் போதாது. மின்சுமை, தொலைவு, வடிவம் எல்லாம் வேதியியலும் இயற்பியலும்தான். பெப்டைடுச் சங்கிலி எந்தக் கோணங்களில் வளையலாம் என்று 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வரைபடம் தந்த ஜி.என். ராமச்சந்திரன் இயற்பியலாளர். பிளஸ் டூவில் கணிதம் இருந்தால் விண்ணப்பத்தில் பி.எஸ்சி. வேதியியலையே முதலில் எழுதச் சொல்வேன். இல்லையென்றால் உயிர்வேதியியலில் சேர்ந்து, கணிதத்தைத் தனியாகப் படிக்கட்டும்.

பட்டம் மூன்று ஆண்டு, முதுகலை இரண்டு, ஆராய்ச்சி ஐந்து. முதுகலையில் சேர ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது. பிறகு மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். பெயரிலான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. அதுவரை, வீட்டுக்கடன் இருந்தால், அதற்கு இவள் வருமானத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முதுகலையோடு நிறுத்தி வேலைக்குப் போவதும் நல்ல வழிதான். அந்த முடிவை ஐந்தாம் ஆண்டில் அவளே எடுக்கட்டும்.