குளிர்நாட்டுக்குப் பெட்டி கட்டுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். தாதி வேலைக்காகக் கனடா போய், வின்னிபெக் நகரில் 19 குளிர்காலங்களைக் கழித்துவிட்டு, ஓய்வு பெற்றதும் டவுனுக்கே திரும்பிவிட்டேன். ஜூலை, ஆகஸ்டு வந்தால் போதும், யாராவது ஓர் அம்மா வாசலில் நிற்பார். "பிள்ளை வெளிநாடு போறான், என்ன வாங்கிக் கொடுக்கிறது?" ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. அதனால் இந்த முறை கேள்விகளை எழுதித் தரச் சொன்னேன்.

மகன் செப்டம்பரில் வின்னிபெக் போகிறான். ஈப்போ கடை ஒன்றில் 600 வெள்ளிக்குத் தடிப்பான கோட்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஜீன்ஸ் நாலு, காட்டன் பனியன் ஒரு டஜன் எடுத்தாயிற்று. போதுமா? (ஓர் அம்மா, லிந்தாங்)

கோட்டை வாங்காதீர்கள் தங்கச்சி. இங்கே கிடைப்பது பெரும்பாலும் கொரியா, ஜப்பான் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஏற்றது. மைனஸ் 30-இல் அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்க முடியாது. செப்டம்பரில் வின்னிபெக்கில் பகலில் ஒரு ஸ்வெட்டரே போதும். நவம்பரில்தான் குளிர் பிடிக்கும். அதற்குள் அவனே அங்குள்ள கடையில், அந்த ஊர்க்காரர்கள் வாங்குகிற கோட்டையும் பூட்ஸையும் வாங்கிக்கொள்ளட்டும். பழைய துணி விற்கிற கடைகளிலும் நல்ல கோட்டு கிடைக்கும். என் முதல் கோட்டு அப்படி வாங்கியதுதான். 11 வருடம் உழைத்தது.

அந்த ஒரு டஜன் காட்டன் பனியன்தான் எனக்குக் கவலை. என் அம்மா பால் வெட்டுகிறவர். மழைக்கால விடியலில், வியர்வையில் ஊறின சட்டையோடு மரத்தடியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் அவருக்கு முதுகு சில்லிட்டுப் போகும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சட்டையை மாற்றுவார். அது 23 டிகிரியில். காட்டன் ஈரத்தை உறிஞ்சி அப்படியே வைத்துக்கொள்ளும், உடம்புச் சூடு அந்த ஈரத்தைக் காயவைப்பதிலேயே போய்விடும். அங்கே பிள்ளைகள் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள், வியர்க்கும், பிறகு நிற்பார்கள். நின்ற பிறகுதான் குளிர் உள்ளே வரும்.

அதனால் மூன்று அடுக்கு. உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளியோ பாலியெஸ்டர் தெர்மலோ (குளிருக்கு உள்ளே போடுகிற ஒட்டு உடுப்பு). அதன்மேல் ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற செயற்கைத் துணிச் சட்டை அல்லது கம்பளி ஸ்வெட்டர். எல்லாவற்றுக்கும் மேல் காற்றை உள்ளே விடாத கோட்டு, இடுப்புக்குக் கீழே இறங்கினதாக. சூடு தருவது துணியின் தடிப்பைவிட, துணிகளுக்கு நடுவே அசையாமல் நிற்கிற காற்றுதான். இறுக்கிப் போட்டால் அந்தக் காற்றுக்கு இடம் இருக்காது.

இங்கிருந்து வாங்க வேண்டியது தெர்மல் மூன்று ஜோடி, கம்பளிக் காலுறை நாலைந்து ஜோடி, ஒரு நல்ல ஃப்ளீஸ். டவுனில் பழைய துணி விற்கிற பண்டல் கடை இருக்கிறதே, அங்கே ஃப்ளீஸும் ஸ்வெட்டரும் மலிவாக அகப்படும். துவைத்துக் கொடுங்கள். ஜீன்ஸ் இரண்டு போதும். அதுவும் காட்டன்தான், வெளியே போகும்போது உள்ளே தெர்மல் இல்லாமல் போடக் கூடாது என்று சொல்லி அனுப்புங்கள். கேட்க மாட்டான், ஆனாலும் சொல்லுங்கள்.

கேமரன் மலையில் ஒரு வருடம் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்தேன். குளிர் எனக்குப் பழக்கம்தான். மைனஸ் 30 அப்படி என்ன பெரிதாக இருந்துவிடும்? (ஒரு தம்பி, சாலாக் உத்தாரா)

தம்பி, நம் நாட்டில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை கேமரனில் 1978 பிப்ரவரியில் வந்த 7.8 டிகிரி. வின்னிபெக்கில் ஏப்ரல் மாதம் அப்படி ஒரு நாள் வந்தால் பையன்கள் அரைக்கால் சட்டையோடு சுற்றுவார்கள்.

வீட்டில் மீன் வைக்கிற ஃப்ரீசர் மைனஸ் 18. வின்னிபெக்கின் ஜனவரி சராசரியே கிட்டத்தட்ட அதுதான். ஒரு மாதம் முழுக்க ஃப்ரீசருக்குள் குடியிருக்கிறாய் என்று வைத்துக்கொள். மைனஸ் 30-க்குப் போனால் முதல் மூச்சிலேயே மூக்கு முடி உறைந்து ஒட்டிக்கொள்ளும், உள்ளே ஊசி குத்துகிற மாதிரி. இமையில் வெள்ளையாகப் படியும். கண்ணாடி போட்டவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் ஒன்றும் தெரியாமல் நிற்பார்கள்.

அப்புறம் காற்று. மைனஸ் 20 இருக்கும்போது மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால் தோலுக்கு அது மைனஸ் 33 மாதிரி. வானிலை அறிக்கையில் அந்த இரண்டாவது எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அது மைனஸ் 28-ஐத் தாண்டினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறைந்துபோகலாம். மைனஸ் 40-ஐத் தாண்டினால் 5 முதல் 10 நிமிடம். கேமரன் அனுபவம் வீண் என்று சொல்லவில்லை. ஸ்வெட்டர் துவைக்கவாவது தெரிந்திருக்கும்.

மகளின் பிரசவத்துக்கு ஜனவரியில் கனடாவில் எட்மன்டன் போகிறேன். வயது 64. புடவை தவிர வேறு கட்டினதில்லை. மூக்குத்தி, தோடு, தாலி எல்லாம் போட்டுக்கொண்டே போகலாமா? தலைக்குத் தேங்காய் எண்ணெய் கொண்டுபோகலாமா? (ஒரு பெரியம்மா, ஜாலோங்)

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன் பெரியம்மா.

புடவை தாராளமாகக் கட்டுங்கள். பாவாடைக்குள் தெர்மல் கால்சட்டை, ரவிக்கைக்குள் முழுக்கை தெர்மல், காலில் முட்டி வரை கம்பளிக் காலுறை. ரவிக்கை இரண்டை மட்டும் தளர்வாகத் தைத்துக்கொள்ளுங்கள், பழைய அளவு ஏறாது. கோட்டு முட்டிக்குக் கீழே வர வேண்டும். புடவைக் கரையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டுங்கள். சாலையில் உப்பும் மணலும் தூவியிருப்பார்கள், கரை நனைந்தால் வெள்ளை வெள்ளையாகக் கறை பிடிக்கும். செருப்பு வெளியில் கிடையாது, பூட்ஸ்தான், அதுவும் ஓர் அளவு பெரிதாக. இறுக்கமான பூட்ஸ் ரத்த ஓட்டத்தைத் தடுத்து விரலை விறைக்கவைக்கும். வெள்ளைக்காரர் வீட்டிலும் அங்கே வாசலில் கழற்றிவிட்டுத்தான் போவார்கள், அதனால் பையில் ஒரு ஜோடி வீட்டுச் செருப்பு.

தாலி துணிக்குள்ளே உடம்புச் சூட்டோடு இருப்பது, ஒன்றும் ஆகாது. தோடும் மூக்குத்தியும் வேறு கதை. உலோகம் சூட்டைச் சட்டென்று வெளியே கடத்தும். என் முதல் டிசம்பரில், தீபாவளிக்கு அம்மா வாங்கி அனுப்பிய கல் தோட்டைப் போட்டுக்கொண்டு, தொப்பி போட்டால் தலை கலையும் என்று அப்படியே பஸ்ஸுக்கு நின்றேன். 20 நிமிடம். முதலில் வலித்தது. பிறகு வலி நின்றுவிட்டது. பழகிவிட்டது என்று நினைத்தேன், தாதி வேலை பார்க்கிறவள்! வார்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் கூட வேலை செய்கிற பெண் என் காதைத் தொட்டுப் பார்த்தாள். மடல் மெழுகு மாதிரி கெட்டியாக இருந்தது. இரண்டு நாளில் கொப்புளம், ஒரு வாரத்தில் தோல் உரிந்தது. இன்றைக்கும் லேசான ஏசிக் காற்று பட்டால் அந்த இடது காது முதலில் குறுகுறுக்கும். ஆகவே தோட்டைக் கழற்றுங்கள், அல்லது காதை முழுக்க மூடுகிற தொப்பி போடுங்கள். மூக்குத்தி சின்னதாக இருந்தால் கம்பளித் துண்டால் மூக்கை மூடிக்கொண்டால் சரி.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். அங்கே வீட்டுக்குள் 20, 21 தான் வைப்பார்கள். ஆகவே எப்போதும் வெள்ளைக் கட்டி. வாயகன்ற பாட்டிலில் கொண்டுபோங்கள், கரண்டியால் வழித்து உள்ளங்கையில் வைத்தாலே உருகும். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வாசல் தாண்டாதீர்கள், முடி கம்பி மாதிரி விறைக்கும்.

வீட்டுக்குள் காற்று ரொம்ப வறண்டிருக்கும். உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம் கசியும், முழங்கை சாம்பல் பூத்துவிடும். குளித்து ஈரம் முழுதாகக் காயும் முன்னாலேயே எண்ணெயோ வாஸ்லினோ தேய்த்துவிடுங்கள். பிள்ளை பெற்ற வீடு என்று கரி போட்டுச் சாம்பிராணி பிடிக்க மட்டும் வேண்டாம். புகை மணி அலறும் என்பது ஒரு பக்கம். சன்னல் எல்லாம் அடைத்த வீட்டில் கரி எரிந்தால் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, ஆளைக் கொல்லும்.

பேரனைக் காரில் கொண்டுபோகும்போது தடித்த கோட்டோடு குழந்தை இருக்கையில் கட்டக் கூடாது. கோட்டு அமுங்கும், வார் தொளதொளத்துவிடும். மெல்லிய துணியில் கட்டிவிட்டு மேலே போர்வை போத்துங்கள்.

மகள் ரஷ்யாவில் டாக்டருக்குப் படிக்கப் போகிறாள். அங்கே குளிர் இன்னும் மோசமா? (ஓர் அப்பா, சுங்கை சிப்புட்)

மாஸ்கோ வின்னிபெக் அளவுக்கு மோசமில்லை, ஜனவரியில் மைனஸ் 6, 7 சராசரி. வித்தியாசம் கட்டடத்துக்குள். வெந்நீர்க் குழாய் ஓடி அறை வெந்துபோகும், பிள்ளைகள் டீ-ஷர்ட்டோடு இருப்பார்கள். பல்கலைக்கழகத்தில் நுழைவிலேயே கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். அதனால் உள்ளே ஒரே தடித்த ஸ்வெட்டராகப் போடாமல், கழற்றிக் கழற்றிப் போடுகிற மாதிரி மெல்லியதாக இரண்டு. மற்றதெல்லாம் லிந்தாங் தங்கச்சிக்குச் சொன்னதே.

ரெண்டு பெக் பிராந்தி போட்டால் உடம்பு சூடாகுமே? (ஓர் அண்ணன். ஊர் எழுதவில்லை, கையெழுத்து எனக்குத் தெரியும்)

சூடான மாதிரி இருக்கும் அண்ணே. தோலுக்கு அடியில் ரத்தக் குழாய் விரிந்து, உள்ளே இருக்க வேண்டிய சூடு வெளியே போகும். முகம் கதகதக்கும், நெஞ்சு குளிரும். குளிர்கிறது என்ற உணர்வும் மழுங்கிவிடும். பனியில் படுத்துத் தூங்கிப்போய் எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வாயில் சாராய வாடைதான். அங்கே போனால் வீட்டுக்குள் குடித்துவிட்டு வீட்டுக்குள்ளேயே இருங்கள்.

நேபாளத்து முக்திநாத் கோவிலுக்கு யாத்திரை போகிறோம், அங்கே கொட்டுகிற 108 தண்ணீர்த் தாரையிலும் நனைய வேண்டும் என்கிறார்கள். எனக்கு 58, மனைவிக்கு 55. (கோலகங்சார் அன்பர்)

அது 3,700 மீட்டருக்கு மேலே, தண்ணீர் பனி உருகி வருவது. குளிர் ஒரு பங்கென்றால் காற்று மெலிந்திருப்பது இன்னொரு பங்கு. போய் இறங்கிய உடனே ஓடாதீர்கள். கீழே இருக்கிற ஜோம்சோம் ஊரில் ஒரு ராத்திரி தங்கி மெதுவாக ஏறுங்கள். அந்தப் பள்ளத்தாக்கில் முற்பகலுக்கு மேல் காற்று பலமாக வீசும், காலையிலேயே நீராடிவிடுவது உத்தமம்.

இதயக் கோளாறு, ரத்த அழுத்தம் இருந்தால் தலையில் தெளித்துக்கொண்டால் போதும், பெருமாள் கோபிக்க மாட்டார். நனைகிறவர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன்: முதலில் தலையைத் துவட்டித் தொப்பி, அடுத்து ஈரத்துணியை முழுக்கக் கழற்றி, காய்ந்த தெர்மல், அப்புறம்தான் ஸ்வெட்டர். ஈர வேட்டிமேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பிரசாதத்துக்கு வரிசையில் நிற்கிறவர்களைத்தான் பிறகு தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள். ஃப்ளாஸ்கில் சுடச்சுட இஞ்சித் தண்ணீர் கையில் இருக்கட்டும்.

விரல் உறைந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? என்ன செய்வது? (ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை)

வலி நின்று மரத்துப்போவதுதான் அடையாளம், என் காதுக்கு நடந்த மாதிரி. புத்தகத்தில் தோல் சிவந்து பிறகு வெளுக்கும் என்று போட்டிருக்கும். நம் நிறத்துக்கு அது சரியாகத் தெரியாது. சாம்பல் பூத்தோ மஞ்சளோடியோ மெழுகுப் பளபளப்போடு இருக்கும், தொட்டால் கெட்டியாக இருக்கும்.

உள்ளே போய் மோதிரத்தைக் கழற்றுங்கள். 37 முதல் 39 டிகிரி வெந்நீரில், அதாவது குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதத்தில், விரலை மூழ்க வையுங்கள். பதத்தை இன்னொருவர் கையால் பார்க்க வேண்டும், மரத்த விரலுக்குச் சூடு தெரியாது. உணர்வு திரும்பும்போது கடுமையாக வலிக்கும், அது நல்லதுதான். தேய்க்கக் கூடாது. தைலம் வேண்டாம். அடுப்பில் காட்டக் கூடாது. திரும்ப உறையும் என்று தெரிந்தால் இடைவழியில் உருக்கவும் கூடாது. கெட்டியாகவே இருந்தாலோ கொப்புளம் வந்தாலோ ஆஸ்பத்திரிதான்.

விரலுக்கு முதலிலேயே காப்பு வேண்டுமென்றால் ஐந்து விரல் கையுறையைவிட, நாலு விரலும் ஒரே பைக்குள் போகிற மிட்டன் மேல். விரல்கள் ஒன்றுக்கொன்று சூடு கொடுக்கும்.

பெட்ரோல் காடியைக்கூட அங்கே கரண்டில் செருகுவார்களாமே, உண்மையா? (பட்டறை தம்பி)

உண்மை. முன்னால் ஒரு ஒயர் தொங்கும். இன்ஜின் தண்ணீரைச் சூடாக வைத்திருக்கிற ஹீட்டருக்கு. செருகாமல் விட்டால் காலையில் எண்ணெய் பாகு மாதிரி இறுகி, சாவி திருப்பினால் முனகும். கைப்பேசியும் அப்படித்தான், 60 விழுக்காடு காட்டிக்கொண்டே அணைந்துவிடும். உள் சட்டைப்பையில் வையுங்கள்.

பனியைச் சாப்பிடலாமா? (ஐந்தாம் ஆண்டு மாணவி, லிந்தாங் அம்மாவின் கடைக்குட்டி)

நான் சாப்பிட்டிருக்கிறேன் கண்ணு. முதல் பனி விழுந்த அன்று ஒரு கிண்ணத்தில் அள்ளி, ரோஸ் சிரப் ஊற்றி, ஐஸ் கச்சாங் என்று சொல்லி. வாயில் வைத்தால் பஞ்சு மிட்டாய் மாதிரி காணாமல் போய்விட்டது. சோளம் இல்லை, பீன்ஸ் இல்லை, கறுக் மொறுக் என்று கடிக்க ஒன்றுமே இல்லை. அண்ணனுக்கு ஃபோன் போட்டுச் சொல்லு: புதிதாக விழுந்த வெள்ளைப் பனி என்றால் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்கலாம், மஞ்சளாக இருந்தால் அது பக்கத்து வீட்டு நாயினுடையது.