பல மரம் கண்ட தச்சன்

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. எட்டு வருடமாக வாய்ப்பாட்டு கற்றுக்கொள்கிறாள். வர்ணம் எல்லாம் முடிந்து கீர்த்தனைக்கு வந்துவிட்டாள். ஒரு வருடமாக எந்நேரமும் படம் வரைகிறாள். பாட்டு நோட்டின் ஓரமெல்லாம் முகங்கள். "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான். வரைவதை நிறுத்தச் சொல்லுங்கள்" என்கிறார் பாட்டு டீச்சர். இந்தக் காலத்துப் பாடகர்கள் கேமராவும் கையுமாக அலைவதையும் புத்தகம் எழுதுவதையும் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இரண்டிலும் தேறியவர் யாராவது உண்டா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உண்டு. அவருடைய கைவேலையைத்தான் உங்கள் மகள் ஒவ்வொரு வகுப்பிலும் கும்பிட்டுவிட்டு உட்காருகிறாள் என்று நினைக்கிறேன்.

பாட்டு சொல்லிக்கொடுக்கும் வீட்டில் சங்கீத மும்மூர்த்திகள் படம் இல்லாமல் இருக்காது. அடுத்த முறை போகும்போது அதை நின்று பாருங்கள். தியாகராஜர், வீணையோடு தீட்சிதர், சியாமா சாஸ்திரி. காலண்டரிலும் சபா மேடையிலும் நாம் பார்த்துப் பழகிய அந்த முகங்கள் பெரும்பாலும் எஸ். ராஜம் வரைந்தவை, இல்லாவிட்டால் அவர் வரைந்ததைப் பார்த்து வேறொருவர் வரைந்தவை. அந்த ராஜம் ஒரு கர்நாடக சங்கீத வித்வான்.

1919இல் பிறந்தார். மயிலாப்பூர்க்காரர். பாபநாசம் சிவனிடமும் மதுரை மணி ஐயரிடமும் பாட்டு கற்றார். தீட்சிதர் குடும்ப வழியில் வந்த அம்பி தீட்சிதரிடமும் கற்றார். 1934இல் 'சீதா கல்யாணம்' படத்தில் ராமனாக நடித்தபோது அவருக்கு 15 வயது, உங்கள் மகளைவிட ஒரு வயதுதான் கூட. அதற்குப் பிறகு என்ன செய்தார் தெரியுமா? சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்து முறையாகப் படித்தார். பாட்டை விட்டுவிட்டுப் போகவில்லை. பாடிக்கொண்டேதான் படித்தார்.

அங்கே மேற்கத்திய பாணிதான் முக்கியப் பாடம். அவருக்கு மனம் அதில் ஒட்டவில்லை. அஜந்தா, சித்தன்னவாசல் குகைகளின் பழைய ஓவியங்களில் இருந்த கோடுகளை எடுத்துக்கொண்டார். நீர்வண்ணத்தைத் தீட்டி, தாளைத் தண்ணீரில் கழுவி, காயவிட்டு, மறுபடி தீட்டி, மறுபடி கழுவும் முறையைக் கைக்கொண்டார். அப்படிச் செய்யும்போது வண்ணம் தாளுக்குள்ளேயே இறங்கிவிடும். மேலே பூசிய மாதிரி தெரியாது. அவசரக்காரருக்கு அந்த வேலை சரிப்படாது.

இப்போது பாட்டுக்கு வருகிறேன். மேளகர்த்தா எனப்படும் 72 தாய் ராகங்களில் 40 ராகங்கள் விவாதி ராகங்கள். சுத்த ரிஷபத்தோடு சுத்த காந்தாரம் போல, சுரங்கள் இரண்டு நெருக்கியடித்து நிற்கும். பாடினால் தோஷம் என்று சொல்லிப் பெரிய வித்வான்களே ஒதுக்கிய காலம் உண்டு. ராஜம் அவற்றைத் தேடிப் போய்ப் பாடினார். கனகாங்கி முதல் ரசிகப்ரியா வரை 72 ராகங்களிலும் கோடீஸ்வர ஐயர் தமிழில் கீர்த்தனை செய்து வைத்திருந்தார். அவற்றைப் பாடிப் பாடி, பதிவும் செய்து, மற்றவர்கள் காதில் விழவைத்தவர்களில் முதல் வரிசையில் வைக்க வேண்டியவர் ராஜம். கழுவிக் கழுவி வண்ணம் ஏற்றிய கைக்கும், ஒட்டி நிற்கும் இரண்டு சுரங்களைப் பிரித்துக் காட்டிய குரலுக்கும் பொறுமை ஒன்றுதான் என்று நான் நம்புகிறேன்.

தீட்சிதர் படத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். தீட்சிதர் 1835இல் காலமாகிவிட்டார். அவருக்குப் புகைப்படம் கிடையாது. அவருக்கு முகம் கொடுத்தவர், அவருடைய கீர்த்தனைகளை அந்தக் குடும்பத்துக்காரர் வாயாலேயே கேட்டுப் பாடம் பண்ணியவர். பாட்டே தெரியாத நல்ல ஓவியர் ஒருவர் அந்த முகத்தை வரைந்திருக்கலாம். நாம் கும்பிடும் முகமாக அது ஆகியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் காலத்துப் பெரிய பாடகர்களுக்குக் கிடைத்த மேடைப் புகழ் ராஜத்துக்குக் கிடைக்கவில்லை. வானொலி நிலையத்தில் வேலை பார்த்தார், பாடினார், வரைந்தார், வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். 2010இல் 90 வயதில் இறந்தார். சென்னையின் டிசம்பர் கச்சேரி சீசனில் முதல் வரிசைப் பாடகியாக வருவதுதான் உங்கள் மகளுக்கு நீங்கள் வைத்திருக்கும் இலக்கு என்றால், டீச்சரின் கவலையில் நியாயம் உண்டு. ஆனால் அந்த இலக்கு யாருடையது என்பதை முதலில் மகளிடம் கேளுங்கள்.

ராஜத்தின் தம்பியையும் சொல்ல வேண்டும். வீணை எஸ். பாலசந்தர். வீணையைத் தானாகவே கற்றுக்கொண்டவர். நடித்தார், இசையமைத்தார், படம் இயக்கினார். 1954இல் அவர் இயக்கிய 'அந்த நாள்' படத்தில் ஒரு பாட்டு கூடக் கிடையாது. பாட்டுக்காகவே படம் ஓடிய காலத்தில், சங்கீதமே உயிராக இருந்தவர் எடுத்த படம் அது. எங்கே பாட்டு வேண்டாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அப்புறம் 1960களில் சினிமாவை விட்டுவிட்டு வீணையோடே உட்கார்ந்துவிட்டார். அண்ணன் கடைசி வரை இரண்டையும் விடவில்லை. தம்பி ஒன்றை விட்டார், அதுவும் இரண்டையும் செய்து பார்த்த பிறகு, தானே முடிவு செய்து விட்டார். 14 வயதில் யாரும் அவர் கையிலிருந்து பிடுங்கவில்லை.

புத்தகம் எழுதும் பாடகர்களைப் பற்றியும் குறைப்பட்டிருக்கிறீர்கள். டி.எம். கிருஷ்ணா 2020இல் மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். மாட்டுத் தோலைத் தேர்ந்தெடுத்து, பதப்படுத்தி, வாரைப் பிடித்து இழுக்கும் அந்த மனிதர்களைப் பற்றிச் சபாவில் யாரும் பேசியதில்லை. வாழ்நாளெல்லாம் மிருதங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பாடியவர் அதைப் பேசியபோதுதான் ரசிகர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய கருத்துகள் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அந்த வேலை வீண் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

டீச்சர் சொன்ன பழமொழி மரத்தை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு எதையும் வெட்டாமல் திரும்பியவனைப் பற்றியது. ராஜம் இரண்டு மரத்தை வெட்டியவர். இரண்டுக்கும் தனித்தனியாக குரு தேடியவர். நீங்கள் பார்க்க வேண்டியது அதைத்தான். பாட்டுக்கு எட்டு வருடம் ஆசிரியர் வைத்தீர்கள். படத்துக்கு யார் இருக்கிறார்கள்? நோட்டின் ஓரத்தில் திருட்டுத்தனமாக வரைய விட்டுவிட்டு, இது வெறும் விளையாட்டு என்று சொன்னால் எப்படி? கோடு போடச் சொல்லித்தரும் ஒரு நல்ல ஆசிரியரைப் பாருங்கள். காலைச் சாதகம், அதாவது பாட்டுப் பயிற்சி, நிற்கக் கூடாது என்று மகளிடம் கண்டிப்பாகவே சொல்லுங்கள். ஒரு வருடம் போகட்டும். சாதகம் நின்றுபோனால் எனக்கு எழுதுங்கள், அப்போது டீச்சர் பக்கம் பேசுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசலுக்கு அழைத்துப் போங்கள். கும்பகோணத்திலிருந்து காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். குகையின் மேற்கூரையில் ஒரு தாமரைக் குளம் இருக்கிறது. மீன், பறவை, யானை, பூப்பறிக்கும் ஆட்கள். நிறைய அழிந்துவிட்டது, இருப்பதே போதும். நோட்டையும் பென்சிலையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள், பாட்டு நோட்டு வேண்டாம், புதிதாக ஒன்று வாங்கிக் கொடுங்கள்.