கேமருக்கென்றே ஒரு பிரவுசர்: போடலாமா?

கேள்வி: என் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம்தான். சாயங்காலம் நண்பர்களோடு வேலரண்ட் ஆடும்போது பிரவுசரில் யூடியூப் பாட்டு ஓடும், டிஸ்கார்டும் திறந்திருக்கும். நடுநடுவே கேம் திக்குகிறது. ஓபரா ஜிஎக்ஸ் போட்டால் கேம் வேகமாகும் என்கிறான் நண்பன். குரோமை விட்டு மாறலாமா?

பதில்: மாறிப் பாருங்கள், காசா பணமா? ஆனால் கேமை வேகமாக்கும் பிரவுசர் என்று ஒன்று கிடையாது. கேமுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கத்தான் பிரவுசரால் முடியும்.

2019 ஜூனில் வந்த ஓபரா ஜிஎக்ஸுக்குள் ஓடுவதும் குரோம், எட்ஜ் போல ‘குரோமியம்’ என்ற அதே அடிப்படை மென்பொருள்தான். அதே யூடியூப் பக்கம் இங்கே வந்ததும் திடீரென்று இளைத்துவிடாது. வித்தியாசம் ‘ஜிஎக்ஸ் கன்ட்ரோல்’ என்ற பகுதியில் இருக்கிறது. பிரவுசர் எவ்வளவு ரேம், எவ்வளவு சிபியு, எவ்வளவு இணைய வேகம் எடுக்கலாம் என்று அதில் நீங்களே வரம்பு போடலாம்.

மூன்றில் எனக்குப் பிடித்தது இணைய வரம்பு. பிரவுசரில் பெரிய ஃபைல் இறங்கிக்கொண்டிருந்தால் கேமில் பிங் (சர்வருக்குத் தகவல் போய் வரும் நேரம்) எகிறும். அதை இங்கே அடக்கலாம். கேம் வாங்கி இறக்கும் ஸ்டீம் ஆப்பில் இறங்கும் அப்டேட்டை இது தொடாது, அதை ஸ்டீமுக்குள்ளேதான் பார்க்க வேண்டும். ரேம் வரம்பை 2 ஜிபி என்று இறுக்கிவிட்டு இருபது டேப் திறந்தால், பின்னால் கிடக்கும் டேப்களைக் கைகழுவிவிட்டு, திரும்பப் போகும்போது மறுபடி ஏற்றும். சிபியுவை ரொம்ப இறுக்கினால் உங்கள் பாட்டே திக்கும்.

இதில் பாதி வேலையைக் குரோமின் ‘மெமரி சேவர்’ செய்துவிடும். எட்ஜும் சும்மா கிடக்கும் டேப்களைத் தூங்க வைக்கும். மிச்சமெல்லாம் கலர் விளக்கு, வால்பேப்பர், டைப் அடித்தால் சத்தம். வீட்டில் மற்றவர்கள் பொறுத்துக்கொண்டால் சரி.

மாறுவதற்கு முன் ஒரு நாள் இப்படிச் செய்யுங்கள். பிரவுசரை முழுசாக மூடுங்கள், பாட்டைப் போனில் போட்டுக்கொண்டு ஆடுங்கள். குரோமை மூடினாலும் சில சமயம் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். திக்கல் நின்றால் குற்றவாளி பிரவுசர்தான், ஜிஎக்ஸ் உதவலாம். நிற்கவில்லையா, எந்தப் பிரவுசர் போட்டும் பிரயோஜனம் இல்லை. சூடு, ஃபேனில் தூசி, ரேம் இவற்றைப் பாருங்கள். 8 ஜிபி ஒரே ஸ்டிக்காக இருந்து இன்னொரு ஸ்லாட் காலியாக இருந்தால், இன்னொரு 8 ஜிபி போடுவதுதான் உருப்படியான செலவு. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப் என்றால் இரண்டு ஸ்டிக் போட்டதும் எஃப்பிஎஸ்ஸே (நொடிக்கு எத்தனை காட்சி என்ற கணக்கு) கூடும். உங்கள் லேப்டாப் எடுக்கும் ரேம் வகை டிடிஆர்4 ஆ, டிடிஆர்5 ஆ என்று பார்த்து வாங்குங்கள். சில மெல்லிய லேப்டாப்களில் ரேமைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், கடைக்குப் போகும் முன் மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள்.

கேள்வி: அதிலேயே இலவச விபிஎன் இருக்கிறதாமே, பிங் குறையுமா?

பதில்: குறையாது. விபிஎன் என்பது தகவலை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்புவது; இது பிரவுசருக்குள் போகும் தகவலை மட்டும்தான் அப்படி அனுப்பும். கேம் தன் வழியில் நேராகப் போகும்.

இலவசம் என்றதும் அவர்களுக்கு வருமானம் எங்கிருந்து என்று கேட்பீர்கள். தேடுபொறி ஒப்பந்தமும் விளம்பரமும்தான். ஓபராவின் தலைமையகம் நார்வேயின் ஆஸ்லோவில் இருக்கிறது, ஆனால் 2016 முதல் சீன முதலீட்டாளர்கள் கையில். அது உறுத்தினால் ஃபயர்பாக்ஸ் இருக்கிறது. விளம்பரம் தடுக்கும் யுபிளாக் ஆரிஜின் அதில் இன்னும் முழுசாக வேலை செய்கிறது. ஜிஎக்ஸ்தான் என்று முடிவு செய்தால், இன்ஸ்டால் பண்ணும்போது ஆப்ஷன்ஸைத் திறந்து ‘டீஃபால்ட் பிரவுசர்’ டிக்கை எடுத்துவிடுங்கள். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.