மலைப்பாதையும் தங்குகுடிலும்: ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

ஆம்பூரிலிருந்து எழுதுகிறேன். வேலையின் பொருட்டு இரண்டு ஆண்டுகள் நார்வேயில் இருந்தபோது, அங்குள்ள மலையேற்றச் சங்கத்தின் குடில்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே சென்று ஆறு இரவுகள் தங்கினேன். காவலுக்கு ஆள் இல்லாத குடிலைச் சங்கத்தின் சாவியால் திறந்து, அடுப்பு மூட்டி, அலமாரியில் இருந்ததை எடுத்துச் சமைத்து, அதற்கான தொகையை நானே கணக்கெழுதிச் செலுத்தினேன். ஊர் திரும்பியது முதல் ஒரே எண்ணமாக இருக்கிறது. ஜவ்வாது மலையின் அமிர்தியில் தொடங்கி ஜமுனாமரத்தூர், காவலூர் வழியாக ஏலகிரி வரை, ஒரு நாள் நடைக்கு ஒன்றாக ஏழெட்டுக் குடில்களை நாம் கட்டினால் என்ன? நண்பர்கள் பணம் திரட்ட முன்வந்துள்ளனர். கம்மவான்பேட்டையைச் சேர்ந்த முன்னாள் படைவீரர்கள் சிலரும் உதவுவதாகச் சொல்கிறார்கள். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

க., ஆம்பூர்

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. நம் மாவட்டத்து இளைஞர்கள் ஜவ்வாது மலையை ஞாயிற்றுக்கிழமை அருவிக் குளியலுக்கான இடமாக மட்டும் பார்க்காமல், நடந்து அறிய வேண்டிய நிலமாகப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். ஆகவே உங்கள் எண்ணத்தை முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் ‘கட்டினால்’ என்ற சொல்லில்தான் எனக்கு மாறுபாடு இருக்கிறது. கட்டுவது கடைசியில் வர வேண்டிய வேலை.

நீங்கள் தங்கிய குடில்களை நடத்தும் சங்கம் 1868ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இன்று அதற்கு 500-க்கு மேற்பட்ட குடில்கள் உள்ளன. வழி காட்டும் அடையாளமாகப் பாறைகளில் சிவப்பு வண்ணத்தில் ‘T’ என்ற எழுத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த எழுத்துக்கு மீண்டும் வண்ணம் பூசுவதும், ஓடை மேல் கிடக்கும் பலகைப் பாலத்தைச் செப்பனிடுவதும், குடிலுக்கு விறகு சேர்ப்பதும் பெரும்பாலும் கூலி பெறாத உறுப்பினர்களின் உழைப்பு. ஊர்கூடிச் செய்யும் இவ்வகை வேலையை அவர்கள் ‘டுக்னாட்’ என்பார்கள். ஏரிப்பாசனத்தால் வாழ்ந்த வட ஆற்காட்டுக்காரர்களாகிய நமக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. குடிமராமத்து என்று நம் பாட்டனார்கள் சொன்னது ஏறக்குறைய அதுவே. ஏரியை ஒருமுறை வெட்டிவிடலாம், ஆண்டுதோறும் மதகையும் வரத்துக் காலையும் பார்க்க ஆள் இல்லாவிட்டால் அது ஏரியாக நிற்காது. குடிலின் கதையும் அப்படிப்பட்டதுதான்.

நியூசிலாந்தைப் பாருங்கள். அங்கே அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை 950-க்கு மேற்பட்ட மலைக்குடில்களைப் பராமரிக்கிறது. அவற்றுள் பல, பெருகிப்போன மான்களை வேட்டையாட அரசு அமர்த்திய ஆட்களுக்காக 1950களிலும் 60களிலும் கட்டப்பட்டவை. உல்லாச நடைக்காரர்கள் பின்னால் வந்தார்கள். வேறொரு வேலைக்காக ஏற்கெனவே இருந்த பாதையும் கூரையும் அவர்களுக்குக் கிடைத்தன. அதே நாட்டில் 1995 ஏப்ரல் 28 அன்று, ‘கேவ் க்ரீக்’ என்னும் இடத்தில் பள்ளத்தாக்கின் மேல் கட்டப்பட்டிருந்த காட்சி மேடை ஒன்று சரிந்து 14 பேர் இறந்தனர், அவர்களில் 13 பேர் மாணவர்கள். தகுதி பெற்ற பொறியாளரின் வடிவமைப்பு இல்லாமல், திருகாணி போட வேண்டிய இடத்தில் ஆணி அடித்துக் கட்டிய மேடை அது. அதன் பிறகே காட்டுக்குள் இருக்கும் கட்டுமானங்களை முறையாகச் சோதிக்கும் ஏற்பாடு அங்கே வலுப்பெற்றது. காட்டுக்குள் ஒரு பலகையைப் பொருத்துகிறவர், அந்தப் பலகை இருக்கும் காலம் வரை அதற்குப் பொறுப்பாளி ஆகிறார். ஏழெட்டுக் குடில்களுக்கு அப்படிப் பொறுப்பேற்க உங்கள் நண்பர்கள் இருபது ஆண்டுகளுக்கு ஆயத்தமாக இருக்கிறார்களா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

இது நான் கண்ணால் கண்டதிலிருந்து எழும் கேள்வி. மலைப்பாதை ஒன்றின் ஓரத்தில் நடப்பவர்கள் ஒதுங்குவதற்கென்று நல்ல எண்ணத்துடன் கட்டப்பட்ட ஒரு கொட்டகையை அறிவேன். திறப்பு விழா அன்று நானும் போயிருந்தேன். நான்கு ஆண்டுகள் கழித்து அவ்வழியே சென்றபோது கதவு இல்லை, கூரைத் தகடுகளில் பாதி இல்லை, தரை முழுவதும் உடைந்த புட்டிகள். தண்ணீர் தொலைவில் இருந்ததால் யாரும் அங்கே இரவு தங்கவில்லை என்று ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் சொன்னார். இடத்தைத் தேர்ந்தவர்கள் அவரிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் சுனை இருக்கும் இடத்தைக் காட்டியிருப்பார்.

ஜவ்வாது மலையில் புதிதாகப் பாதை வெட்டத் தேவையே இல்லை. ஒடுகத்தூரிலிருந்து பீஞ்சமந்தைக்குத் தார்ச்சாலை வராத காலத்தில், மலையாளி என்றே அழைக்கப்படும் இம்மலைப் பழங்குடியைச் சேர்ந்த பெரியவர் ஒருவருடன் நடந்தே ஏறியிருக்கிறேன். அவர் தலையில் அரிசி மூட்டை இருந்தது, என் தோளில் வெறும் பை. நான் நின்ற இடங்களில் அவர் நிற்கவில்லை. மூட்டையை இறக்கி வைக்கத் தோதாக மார்பளவு உயரப் பாறை இருந்த இடங்களில் மட்டும் நின்றார். சமவெளிச் சாலைகளில் நாம் காணும் சுமைதாங்கிக் கற்களின் கணக்கு எனக்கு அன்றுதான் விளங்கியது. எங்கே நிற்க வேண்டும், எங்கே தண்ணீர் குடிக்க வேண்டும், மழை வந்தால் எந்தப் பாறையடியில் ஒதுங்க வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பாதையில் முன்பே முடிவாகியிருந்தன. அன்றிரவு அவர் வீட்டுத் திண்ணையில்தான் படுத்தேன். சாமைச் சோறும் அவரைக் குழம்பும் கிடைத்தன.

அந்தப் பாதைகள் சந்தைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்குமானவை. நோயாளியைத் துணித்தொட்டிலில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கும் நிலை சில ஊர்களுக்கு அண்மைக்காலம் வரை இருந்தது. அங்கே நாம் பொழுதுபோக்குக்காக நடக்கும்போது, நம் பணத்தில் முதலில் நடக்க வேண்டியது அவர்களுக்கும் உதவும் வேலையாக இருப்பதே முறை: அரித்துப்போன ஏற்றங்களில் கற்படி, ஓடையைக் கடக்க நடைபாலம், சுனையைச் சுற்றிக் கட்டு. இவ்வேலைகளை அந்தந்த ஊரார் கையாலேயே கூலி கொடுத்துச் செய்விக்க வேண்டும். 2015 ஏப்ரலில் ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லிச் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தனர். சொந்த மலையில் கௌரவமான கூலி கிடைப்பது அங்கே எவ்வளவு பெரிய செய்தி என்பதை நாம் மறக்கலாகாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வழியின் பெரும்பகுதி காப்புக்காடு. அங்கே வனத்துறையின் அனுமதியின்றி நடக்கவே இயலாது, தனியார் சங்கம் கட்டடம் எழுப்புவது பற்றிப் பேச்சே இல்லை. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறச் சென்றவர்கள் மாண்ட பின் விதிகள் கடுமையாயின; அது நியாயமே. அரசின் மலையேற்றத் திட்டம் 2024 அக்டோபரில் 40 வழிகளோடு தொடங்கியது. உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களே அதில் வழிகாட்டிகள். அத்துடன் இணைந்தே எதையும் செய்ய வேண்டும். மாசி முதல் சித்திரை வரை மூங்கிலும் புல்லும் காய்ந்து கிடக்கும், சுனைகள் பலவும் வற்றிவிடும். அம்மாதங்களில் பாதை மூடியிருக்கட்டும்.

ஆகவே குடில்களுக்குக் காட்டைத் தேடாதீர்கள். மலையூர்களில் ஊருக்கு ஒரு வீடு போதும். கிராமசபை ஒப்புக்கொண்டால், ஒரு குடும்பத்தின் கூடுதல் அறையையோ பயனற்றுக் கிடக்கும் கட்டடத்தையோ செப்பனிட்டு, நான்கு பாய், ஒரு கழிப்பறை, மழைநீர்த் தொட்டி என்று தொடங்கலாம். கழிப்பறை சுனைக்குக் கீழ்ச்சரிவில், ஓடையிலிருந்து நன்கு தள்ளி இருக்க வேண்டும். காவலூரை அடுத்த ஊர்களில் வெளிவிளக்கே வேண்டாம். 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி அங்கே இருக்கிறது. இருள்தான் அதன் முதலீடு, வரும் விருந்தினருக்கும் விண்மீன்கள் தெரியும். ஏலகிரியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அதற்காகச் சமவெளிக்கு இறங்கிச் சாலைகளைக் கடந்து மீண்டும் ஏற வேண்டியிருக்கும்.

முன்னாள் படைவீரர்களைச் சேர்க்கும் எண்ணம் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அமெரிக்காவின் கொலராடோவில், இரண்டாம் உலகப் போரில் மலைப்போருக்குப் பயிற்சி பெற்ற பத்தாம் மலைப்படைப் பிரிவின் பெயரில் ஒரு குடில் வரிசை இருக்கிறது. அப்படைப்பிரிவில் பணியாற்றிய ஃபிரிட்ஸ் பெனடிக்ட் என்ற கட்டடக் கலைஞரே அதற்கு வித்திட்டார். 1982இல் முதலில் கட்டப்பட்டவை இரண்டே குடில்கள். மற்றவை ஆண்டுகள் செல்லச் செல்லச் சேர்ந்தவை. நம்மவர்களுக்கு வரைபடம் படிக்கத் தெரியும், முதலுதவி தெரியும், ஒழுங்காகப் பதிவேடு எழுதத் தெரியும். ஆண்டுக்கு இருமுறை பாதையைச் சோதித்துப் பதியும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படையுங்கள்.

தை பிறந்து சாமைக் களம் ஓய்ந்ததும், உரிய அனுமதியுடன் பீஞ்சமந்தைப் பக்கம் இரண்டு நாள் நடப்போம். நானும் வருகிறேன். பணம் திரட்டுவதை அதுவரை நிறுத்தி வையுங்கள். அளவு நாடாவும் ஒரு குறிப்பேடும் கொண்டு வாருங்கள். சுனைகளைக் குறித்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர்களைப் பார்த்துப் பேசிவிட்டு இறங்குவோம்.