"கடவுளை நம்பிவிட்டால் நட்டமில்லை" என்ற வாதம் சரியா?

இது பிரெஞ்சுக் கணித அறிஞர் பிளேஸ் பாஸ்கலின் பந்தயம். அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1670-இல் அச்சேறியது. கடவுள் இருந்தால் நம்பியவருக்கு எல்லையற்ற பேறு. இல்லாவிட்டால் இழப்பு சொற்பம். ஆகவே நம்புங்கள் என்கிறார். கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் வளர்ந்த எனக்கு இந்தக் கணக்கு உடனே பிடித்துப்போனது.

ஆனால், எந்தக் கடவுளை? எங்கள் ஊரிலேயே கோயில், மசூதி, தேவாலயம் எல்லாம் இருக்கின்றன. ஒருவரை நம்பினால் இன்னொருவர் தண்டிப்பார் என்றால் இரு தட்டிலும் எல்லையற்ற எடை ஏறிவிடுகிறது. தராசு எதையும் காட்டாது. ஓர் இமாமும் இதையே சொல்லலாமே என்று பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுச் சிந்தனையாளர் தீதரோ மடக்கினார்.

நினைத்தவுடன் நம்பிக்கை வருமா? வழிபாட்டில் கலந்து பழகுங்கள், தானாக வரும் என்கிறார் பாஸ்கல். இருக்கலாம். லாபம் பார்த்து வரும் பக்தனை எங்கள் முனியப்பன் ஏற்பாரா என்பதுதான் என் சந்தேகம்.